இத்தோ வாசலில் அறுத்த கன்று

2009 அக்டோபர் 14, புதன்கிழமை, காலை ஏழரை மணிக்கு இத்தோ தம் வீட்டுக் கதவை ஒரு கையகலம் திறந்து, வெளியே நின்ற எங்கள் மூவரையும் கால் முதல் தலை வரை பார்த்தார். நான் அவரை முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். கண் ஒன்றும் மூக்கில் பாதியும் மட்டுமே தெரிந்தன.

"யாரு அனுப்பினா?" என்று கேட்டார்.

"யாரும் அனுப்பலை, லல்லா. நான் வர்ஸாஸாத்துல வாத்தியார். இவங்க படம் எடுக்கிறவங்க. உங்க கதவு ரொம்பப் பிடிச்சிருக்காம்," என்றேன். மூத்த பெண்களை எங்கள் பக்கத்தில் மரியாதையாக லல்லா என்போம்.

"கதவு பிடிச்சிருக்குன்னு விடியக் காலையிலயா வருவாங்க? பொண்ணு கேக்க வர்றவனே வெயில் ஏறினப்புறம்தான் வருவான்."

என்னுடன் வந்தவர்களில் ஒருவர் ஷாமா. தலைநகர் ரபாத்திலிருந்து வந்த திரைப்பட இயக்குநர். மற்றவர் தயாரிப்பு நிர்வாகி ஜலால். வர்ஸாஸாத் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்துக்கொண்டிருந்த நான், அந்த ஆண்டு விடுப்பு எடுத்து அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். நகரத்து அரபியும் பிரெஞ்சும் மட்டுமே அறிந்த ஷாமாவுக்கு எங்கள் மலைமொழி ஒரு சொல்லும் தெரியாது. ஜலாலுக்குத் தெரியும், ஆனால் அவர் பேசினால் எவரும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் அவர் கக்கத்திலிருந்து ஒருபோதும் இறங்காத கோப்பு.

இத்தோவின் கண்ணும் அந்தக் கோப்பின்மேல்தான் நிலைத்தது. "அதை வெளியிலேயே வெச்சுட்டு வரச் சொல்லு வாத்தியாரே. அது உள்ளே வந்தா நான் வெளியே போயிடுவேன்."

ஜலால் கோப்பை வண்டியில் வைத்துவிட்டு வந்தார். கதவு திறந்தது. தேநீர் வந்தது. எங்களுக்கு ஊற்றுவதற்குமுன் இத்தோ தமக்கு ஒரு குவளை ஊற்றி, எங்கள் முன்னாலேயே குடித்துக் காட்டினார். தாம் எவரையும் நம்பாததுபோல எவரும் தம்மை நம்பமாட்டார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். இதில் அவருக்கு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் சந்தேகம் ஊரில் பேர் பெற்றது. மாவு ஜாடியின் மூடிமேல் ஒரு சிட்டிகை மாவைத் தூவி வைப்பார். யாராவது தொட்டால் விரல் பதியும். மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர் வயதைக் கேட்டதற்கு, "நான் பொறந்தன்னிக்கு நீ பக்கத்துல இருந்தியா? இல்லைல்ல? அப்ப நான் எதைச் சொன்னாலும் நம்பத்தானே போற, நீயே எழுதிக்க," என்றாராம். அகாதிரில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்த மகள் மாமாஸ் தொலைபேசியில் அழைத்தால், முதலில் பெண்ணின் சிறுவயது வெள்ளாட்டின் பெயரைக் கேட்டு, சரியாகச் சொன்ன பிறகே பேசுவார்.

இதெல்லாம் பிறவிக் குணம் என்று ஊரார் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு மணமான புதிதில் பிரான்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் பிடிக்க ஒருவன் எங்கள் மலைகளுக்கு வந்தான். இளைஞர்களை மேலாடை கழற்றி வரிசையில் நிறுத்தி, பல்லைப் பார்த்தான், புயத்தை அமுக்கினான். பிடித்தவர்கள் நெஞ்சில் பச்சை முத்திரை குத்தினான், பிடிக்காதவர்கள் நெஞ்சில் சிவப்பு. இத்தோவின் கணவர் ஸாயிதுக்குப் பச்சை கிடைத்தது. அன்று வீட்டில் ஆடு அறுத்துக் கொண்டாடினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஸாயித் திரும்பி வந்தபோது, மாடிப்படி ஏற நடுவில் உட்கார வேண்டியிருந்தது. நுரையீரல் நலமாக உள்ளது என்ற சான்றிதழைச் சுரங்கக் கம்பெனி கையில் கொடுத்து அனுப்பியிருந்தது. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது இத்தோதான். ஸாயித் இருமி இருமி இறந்ததும் அந்தச் சுவருக்கு எதிரில்தான்.

வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், மலைக்குடிகளைக் கண்காணிக்க வந்த இராணுவ அதிகாரி ஒருவர் அந்த வீட்டின் மாடியில் சில குளிர்காலங்கள் தங்கியிருந்தார். ஸாயிதின் பாட்டனார் அவரை வரவேற்றாரா, மறுக்க முடியாமல் இடம் விட்டாரா என்பதை ஊர் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. ஆனால் பெயரைத் தீர்மானித்துவிட்டது: துரை வீடு. மருமகளாக வந்த இத்தோவுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிணற்றடியில் சண்டை வந்தால் கடைசிச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஷாமா எடுக்கவிருந்த படம், அப்படிப்பட்ட துரை ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய பிரெஞ்சு நாவலைத் தழுவியது. மரக்கேஷ் கல்லூரியில் எனக்குப் பாடமாக இருந்த நூல். மலையில் தனித்திருக்கும் அதிகாரி, அவருடைய ஏக்கம், பனி, காய்ச்சல், ஊருக்குத் திரும்பும் ஆணைக்காகக் காத்திருத்தல் ஆகியவை அழகிய நடையில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் மக்கள் அதில் கதவோரம் பேசாமல் நிற்பார்கள். ஷாமா அதைத் திருப்பிப் போட விரும்பினார். துரையின் முகம் படத்தில் எங்கும் வராது; பூட்சு, முதுகு, மேசைமேல் கிடக்கும் கை, அவ்வளவுதான். கேமரா எப்போதும் வெளியே நிற்கும் மக்களின் பக்கம் இருக்கும்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது இத்தோ கவனமாகக் கேட்டார்.

"அந்தப் புத்தகத்தை யாரு எழுதினது?"

"இங்க இருந்த ஒரு துரைதான், லல்லா."

"எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சுட்டு எங்களைப் பத்தி எழுதினானா?"

"இந்த வீடு இல்லை. வேற மலை."

"எல்லா மலையிலயும் ஒரே தண்ணிதான். சரி, இந்த அம்மா அவன் மூஞ்சியக் காட்டப் போறதில்லைன்னு சொல்லுது. அப்ப அவனுக்கு எதுக்கு என் வீடு? மூஞ்சி இல்லாதவன் எங்க வேணா குந்தலாமே?"

ஷாமா சிரித்தார். இத்தோ சிரிக்கவில்லை. கடைசியில் வாடகைக்கு இசைந்தார். மாமாஸின் மாமியாருக்கு மருத்துவச் செலவு இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். படத்தில் குடிகள் துரைக்குச் சரணடையும் காட்சி ஒன்று உண்டு. தலைவன் கன்று ஒன்றைத் துரையின் வாசலில் அறுத்துப் பணிவான். அந்தக் காட்சியில் ஒரு துளி உண்மை ரத்தமும் தம் வாசற்கல்லில் விழக்கூடாது என்றார்.

எங்களிடையே அதன் பொருள் அறியாதவர் இல்லை. நலிந்தவன் ஒருவன் வேறு வழியில்லாதபோது தன் பிராணியைக் கொண்டுவந்து ஒருவருடைய வாசலில் அறுப்பான். அறுத்துவிட்டுக் கேட்பான். ரத்தம் கல்லைத் தொட்டபின் வீட்டார் இல்லையென்று சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டுக்குக் கேடு என்று நம்புகிறோம். நம்பாதவர்கள்கூட அந்த வீட்டு ரொட்டியைத் தொடமாட்டார்கள், இழவுக்கும் போகமாட்டார்கள். வாசல் ரத்தம் என்போம். அந்தக் காலத்துத் தலைவர்கள் துரைகளின் வாசலில் மாடு அறுத்ததும் இந்த வழக்கப்படிதான். துரைகள் அதைச் சரணாகதி என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் மனத்தில் அது துரையைக் கட்டிப்போடும் கயிறு.

"ரப்பர் கத்தி, சர்க்கரைப் பாகுல சிவப்புச் சாயம்," என்று ஷாமா உறுதி கூறினார். "கன்னுக்குட்டி படுக்கும், அவ்வளவுதான். எழுந்து போய்ப் புல்லு தின்னும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"உன் சத்தியத்தை எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்," என்று சொல்லி, இத்தோ எங்கள் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுவாரம் துணை நடிகர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிவாசலுக்கு எதிரில் ஊர் ஆண்களை ஜலால் வரிசையில் நிறுத்தினார். தாடியைப் பார்த்தார், பல்லைக் காட்டச் சொன்னார், தேர்ந்தவர்களின் புறங்கையில் மையால் எண் எழுதினார். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த இத்தோ நனைந்த துணியோடு எழுந்து வந்தார்.

"நெஞ்சுல குத்தலையா? பச்சை மை தீந்து போச்சா?"

ஜலாலுக்கு விளங்கவில்லை. வரிசையில் நின்ற வயதானவர்களுக்கு விளங்கியது. சிலர் கையை மறைத்துக்கொண்டார்கள். சிரித்தவர் ஒருவர்தான்: ஸாயிதின் தம்பி பாஸ்ஸூ.

பாஸ்ஸூ நடிப்பில் பழுத்தவர். வர்ஸாஸாத்தில் வெளிநாட்டார் எடுத்த படங்களில் ரோமானியப் படைவீரனாக, பாரோ மன்னனின் கல் இழுப்பவனாக, பாலைவனக் கொள்ளையனாக நடித்திருந்தார். குதிரையிலிருந்து விழுவது அவருடைய சிறப்பு. விழுந்து விழுந்து இடுப்பு சாய்ந்துவிட்டது. வெண்தாடியும் சாய்ந்த நடையும் பிடித்துப்போய், சரணடையும் தலைவன் வேடத்தை ஷாமா அவருக்கே கொடுத்தார்.

"அண்ணி, இத்தனை படத்துல நான் வசனம் பேசினதே இல்லை," என்று அவர் இத்தோவிடம் பெருமைப்பட்டார். "செத்துத்தான் காட்டியிருக்கேன்."

"அதுலயாவது நேர்மையா இருந்தியே," என்றார் இத்தோ.

இருவருக்கும் இடையில் வீடு கிடந்தது. ஸாயிதுக்கு ஆண்மகவு இல்லாததால், மார்க்கச் சட்டப்படி மனைவிக்கும் மகளுக்கும் போக மீதிப் பங்கு தம்பிக்கு உரியது. பங்கு இருந்தும் இத்தோவின் சம்மதமின்றி விற்க முடியாது. மரக்கேஷ் ஆள் ஒருவன் அதை விருந்தினர் விடுதியாக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். பாஸ்ஸூ பலமுறை கேட்டார், இத்தோ பலமுறை மறுத்தார். அகாதிரில் மகளின் ஓர் அறையில், மாமியாரோடு பாய் பகிர்ந்து படுப்பதைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

படப்பிடிப்பு தொடங்கியதும் ஊரின் சந்தேகம் இத்தோவின் சந்தேகத்தையும் மிஞ்சியது. முதற்காரணம் கதவு. ஷாமா ஒரு நாள் முழுவதும் மூடிய கதவை மட்டும் படம் எடுத்தார். நடிகர் இல்லை, வசனம் இல்லை. காலையில் கேமராவை நட்டார்கள். வெயில் கதவின் ஓர் ஓரத்திலிருந்து மற்றோர் ஓரத்துக்குப் போகும் வரை எல்லாரும் மூச்சடக்கி நின்றார்கள். கோழி ஒன்று குறுக்கே போனது. ஷாமா நெஞ்சில் கை வைத்து மகிழ்ந்தார்.

வேடிக்கை பார்த்த ஊராருக்கு இதில் ஐயமே இருக்கவில்லை. ஆடுகிறவனைப் படம் எடுப்பார்கள், அழுகிறவளைப் படம் எடுப்பார்கள். மூடிய கதவை ஒரு நாள் முழுக்க எவனாவது காசு செலவழித்துப் படம் எடுப்பானா? எங்கள் பக்கத்தில் புதையல் தேடுபவர்கள் எத்தனையோ வேடத்தில் வருவதுண்டு. மூலிகை வைத்தியனாக, பறவை ஆராய்ச்சிக்காரனாக. துரை போகும்போது எதையோ வாசலுக்கடியில் புதைத்துவிட்டுப் போனார் என்ற பேச்சும் பழையது. இரண்டும் சேர்ந்துகொண்டன. நிழல் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் புதையல் பானை இருக்கும் என்று முடிதிருத்தும் கடையில் ஒருவர் விளக்கினார். எல்லாரும் தலையசைத்தார்கள்.

பாஸ்ஸூ என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "வாத்தியாரே, மறைக்காம சொல்லு. அந்த அம்மா என்ன தேடுது?"

"வெளிச்சம் நகர்றதைத் தேடறாங்க."

"என்கிட்டயேவா? நான் ரோமாபுரிக்காக ஆறு தடவை செத்தவன்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரி, அண்ணிக்கு எவ்வளவு பங்கு? அதையாவது சொல்லு."

நான் சொன்ன எதையும் அவர் ஏற்கவில்லை. அன்றிலிருந்து அவர் நடையில் அவசரம் தெரிந்தது. இத்தோவோ, மைத்துனர் வாசற்பக்கம் அடிக்கடி வருவதைக் கண்டு, வாசற்கல்லின் நான்கு மூலையிலும் சுண்ணாம்பு தடவி வைத்தார். எவராவது கல்லைப் பெயர்த்தால் கோடு பிளக்கும்.

சரணடையும் காட்சி ஒரு வியாழக்கிழமை எடுக்கப்பட்டது. வாசலுக்குள் நிழலில் துரையாக நடிக்கும் பிரெஞ்சு நடிகர் நின்றார். அவருடைய பூட்சு மட்டும் தெரிந்தது. வெளியே ஊர் ஆண்கள் பழைய காலத்துக் கம்பளி அங்கிகளில் கூடினார்கள். கேமரா அவர்களுக்குப் பின்னால். இத்தோ ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கேமராவுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். நகரச் சொன்ன உதவியாளரிடம், "என் வாசல், நான் இங்கதான் இருப்பேன். வேணும்னா நீ நகந்துக்க," என்றார்.

ஒரே ஷாட். எங்கும் வெட்டக்கூடாது என்பது ஷாமாவின் முறை. தலைவன் கன்றோடு நடந்து வரவேண்டும், மண்டியிட வேண்டும், கத்தி, சாயம், நீண்ட மௌனம்.

பாஸ்ஸூ கன்றை இழுத்து வந்தார். சாய்ந்த இடுப்போடு அவர் நடந்த நடை, பயிற்சியின்போது நடந்ததைவிட மெதுவாக இருந்தது. மண்டியிட்டார். ரப்பர் கத்தி இருக்கவேண்டிய இடுப்புப் பட்டையைக் கை தாண்டிச் சென்று அங்கிக்குள் நுழைந்தது. வெளியே வந்தது அவருடைய சொந்தக் கத்தி. பெருநாளுக்கு ஊர் ஆடுகளை அறுக்கும் கை அது, ஒரே இழுப்பு. கன்றின் ரத்தம் வாசற்கல்லின்மேல் பாய்ந்து சுண்ணாம்புக் கோட்டைக் கடந்து ஓடியது.

நடித்துக்கொண்டிருந்த ஊரார் அக்கணமே நடிப்பை நிறுத்திவிட்டார்கள். நடித்ததைவிட அந்த நிற்றல்தான் பொருத்தமாக இருந்தது. துரையின் பூட்சு ஓர் அடி பின்வாங்கியது. ஷாமா "கட்" சொல்லவில்லை. வாயை மூடிய கையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தோ எழுந்தார். கறுப்புப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு நேராகக் காட்சிக்குள் நடந்தார். ரத்தத்தின் விளிம்பில் நின்றார். கீழே பார்த்தார்; மைத்துனரைப் பார்த்தார்; பிறகு திரும்பிக் கேமராவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நேர்கொண்டு எவரும் நிற்க முடியாது, கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பாஸ்ஸூ மண்டியிட்டபடியே சொன்னார்: "அண்ணி, உன் வாசல்ல ரத்தம் விழுந்திருக்கு. வீட்டைக் கேக்குறேன். இல்லேன்னு சொல்லாதே."

கன்றின் கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஷாமா, ஏதோ உறக்கத்திலிருந்து எழுந்தவர்போல, "கட்" என்றார்.

மறுநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் சுவரோரம் ஊர் மன்றம் கூடியது. ஊர்ப் பெரியவர் ஹம்மூ நடுவில் அமர்ந்தார். இத்தோ எதிர்ச் சுவரில் சாய்ந்து, கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். அன்று காலை அவர் வீட்டு ரொட்டியை எவரும் வாங்கிக்கொள்ளவில்லை. தீர்ப்பு வரும் வரை அப்படித்தான்.

முதலில் நடிப்பு என்ற வாதம் வந்தது. "படத்துக்காகக் கட்டின தலைப்பா, படத்துக்காகப் போட்ட அங்கி. அது எப்படி நிஜமாகும்?" என்றார் ஒருவர்.

"அப்ப அந்த ரத்தமும் படந்தானே? கழுவிக் காட்டு பாப்போம்," என்றார் பாஸ்ஸூ.

ஹம்மூ தாடியைத் தடவினார். "ரத்தம் நிஜம். அதுல சந்தேகம் இல்லை. இத்தோ, நீ சொல்லும்மா."

"ஒண்ணு கேக்கணும் மாமா. கன்னு யாருது?"

வாசல் ரத்தத்தில் இது முதற்கேள்வி. தன் பிராணியைத்தான் அறுக்க வேண்டும். கேட்பவன் தன்னுடையதை இழந்துதான் கேட்க வேண்டும். பிறர் பிராணியை அறுத்தால் அது வேண்டுதல் ஆகாது, களவாகும். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கம்பெனி கன்று என்பது எல்லாருக்கும் தெரியும்.

பாஸ்ஸூ இதற்குக் காத்திருந்தவர்போலச் சிரித்தார். "என்னுதுதான். கூலிக்குப் பதிலா கன்னு குடுங்கன்னு நான் கேட்டேன். ஜலால் ஒத்துக்கிட்டாரு. கேளுங்க."

ஜலால் எழுந்து, கோப்பின்றி, ஒப்புக்கொண்டார். உண்மைதான்; இருபது பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருந்தார். கூட்டம் இத்தோவைப் பார்த்தது. இரக்கத்தோடு பார்த்தவர்களும் இருந்தார்கள். துரை வீடு கடைசியில் கைமாறுகிறது என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற கிழவர், "ம், பானை அவனுக்குத்தான்," என்று முணுமுணுத்தார்.

இத்தோ சுவரை விட்டு முன்னால் வந்தார். பிறகு ஜலாலைக் கேட்டார்: "கன்னை எப்ப குடுக்கறதா பேச்சு? முன்னாலயா, பின்னாலயா?"

"அந்த ஷாட் முடிஞ்சதும், லல்லா. அதுக்கு முன்னால எப்படிக் குடுப்போம்? ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்னா? கட் சொல்ற வரைக்கும் அங்க இருக்கிற எல்லாம் கம்பெனிதுதான்."

"என் வாசக்கல்லுமா?"

கூட்டம் சிரித்தது. ஜலால் நெளிந்தார். இத்தோ சிரிக்கவில்லை, ஷாமாவின் பக்கம் திரும்பி, என்னிடம், "அந்த அம்மாவக் கேளு. எப்ப நிறுத்துச்சு?" என்றார்.

ஷாமா எழுந்து நின்றார். நிபந்தனையை மீறியது தம் படப்பிடிப்பு என்பதை அவர் முன்தினமே உணர்ந்திருந்தார். "அவர் அறுத்தபோது நிறுத்தல. இவங்க நடந்து வந்தபோதும் நிறுத்தல. அவர் வீட்டைக் கேட்டு முடிச்ச பிறகுதான் கட் சொன்னேன். அதுவும் பதிவாகியிருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். ஹம்மூ கேட்டார்: "ஏம்மா நிறுத்தல?"

ஷாமா பொய் சொல்லவில்லை. "அழகா இருந்தது."

"கன்னு துடிச்சதா?"

ஹம்மூ விடைக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தை நோக்கிச் சொன்னார்: "கத்தி வெச்சப்போ ஷாட் ஓடிக்கிட்டு இருந்துது. ஷாட் ஓடுற வரைக்கும் கன்னு கம்பெனிது. வாய் திறந்து கேட்டப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. பாஸ்ஸூ, நீ அடுத்தவன் கன்னை அறுத்து உன் அண்ணியக் கெஞ்சியிருக்க."

"கொஞ்ச நேரம்தானே மாமா! அந்த அம்மா சீக்கிரம் கட் சொல்லியிருந்தா?"

"சொல்லலையே."

"நாள் பூரா மூடின கதவைப் படம் எடுக்கிறவங்களை நம்பி நான் என்ன செய்ய? அவங்க எப்ப முடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் பாஸ்ஸூ. "அந்தக் கதவுக்குக் கீழே என்ன இருக்குன்னு இப்பவாவது சொல்லச் சொல்லுங்க!"

"வெளிச்சம்," என்று ஷாமா சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அப்போதும் கூட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

மன்றத்தின் தீர்ப்பு வழக்கப்படி அமைந்தது. வேண்டுதல் செல்லாது, வீடு கேட்க பாஸ்ஸூவுக்கு வழியில்லை. பிறர் உடைமையால் ஒரு விதவையின் வாசலைக் கறைப்படுத்தியதற்கு ஈடாக, அவர் தம் சொந்த ஆடு ஒன்றை இத்தோவின் வாசலுக்குக் கொண்டுவந்து அறுத்து, பிழை பொறுக்கக் கேட்க வேண்டும். எப்போது என்பதை இத்தோ சொல்வார். அழைத்தால் அன்றே வரவேண்டும். தீர்ப்பு முடிந்ததும் ஹம்மூ முதல் ஆளாக இத்தோ வீட்டு ரொட்டியைக் கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கக் கடித்தார்.

அடுத்த ஆண்டு நான் அந்த ஊர்ப் பள்ளிக்கே மாற்றலாகி வந்தேன். ஷாமா படத்தின் குறுந்தகட்டை அனுப்பியிருந்தார். வகுப்பறைச் சுவரில் போட்டுக் காட்டினோம். கதவு வந்ததும் பாதிப்பேர் எழுந்து அருகில் போய் நிழல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். சரணாகதிக் காட்சியை ஷாமா அப்படியே வைத்திருந்தார். பாஸ்ஸூவின் வேண்டுகோளும் வெட்டப்படவில்லை. கேமராவை நோக்கித் திரும்பிய தம் முகத்தை இத்தோ நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொம்பளை லேசுல யாரையும் நம்பமாட்டா போலிருக்கே," என்றார்.

பிறகு, "துரை எங்க?" என்று கேட்டார். முகம் காட்டவில்லை என்று நினைவூட்டினேன். "அதான் சொன்னேனே, அவனுக்கு வீடே தேவைப்பட்டிருக்காதுன்னு," என்றார்.

பாஸ்ஸூ தம் பங்குக்கு ஓர் ஆட்டைத் தனியாகக் கட்டி வளர்த்தார். கடன் தலைமேல் இருக்கும்வரை அவர் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. அண்ணியிடம் எதையும் கேட்கவும் கூடாது. மன்றத்தில் அவர் சொல்லுக்கு எடையும் இல்லை. பெருநாள் நெருங்கும்போதெல்லாம் என்னைத் தூது அனுப்பினார்.

"லல்லா, ஆடு நல்லாக் கொழுத்திருக்காம். எப்ப வரட்டும்னு கேக்கறாரு."

"கொழுத்திருக்கா? எதைப் போட்டுக் கொழுக்க வெச்சான்னு யாருக்குத் தெரியும். இந்த வருஷம் வேண்டாம்."

மறு ஆண்டு ஆடு இளைத்திருந்தது என்றார். அதற்கடுத்த ஆண்டு கத்தி சரியில்லை என்றார். ஒருமுறை நான் சற்று அழுத்திக் கேட்டேன்: மன்னிக்க மனமில்லையா என்று.

"மன்னிக்கிறது வேற. அவன் இடுப்புக்கு நான்தானே எண்ணெய் காய்ச்சிக் குடுத்து விடறேன், நீதானே கொண்டுபோற? ஆனா ஆட்டை வாங்கிட்டேன்னா கடன் தீந்துடும் வாத்தியாரே. கடன் தீந்த மனுஷன் காலையில என் கதவைத் தட்டலாம். தட்டினா திறக்கணும். திறந்தா தேத்தண்ணி குடுக்கணும். தேத்தண்ணி குடிச்சவன் வீட்டைக் கேப்பான்." எண்ணெய்ச் சீசாவின் மூடியை இறுக்கி, மேலே நூல் சுற்றி, முடிச்சில் மெழுகு வைத்து என்னிடம் நீட்டினார். "வழியில திறக்காம கொண்டுபோய்க் குடு."

பாஸ்ஸூவின் முதல் ஆடு கிழமாகிச் செத்தது. இரண்டாவதை வளர்த்தார். மரக்கேஷ் ஆள் வேறு ஊரில் வேறு வீடு வாங்கிவிட்டான். ஒரு பனிக்காலத்தில் இத்தோ காய்ச்சலில் படுத்தார். மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பாதி பூனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தாம் பாதி விழுங்கினார். மாமாஸ் அகாதிரிலிருந்து வந்து சேர்ந்தாள். வெள்ளாட்டின் பெயரைக் கேட்காமலேயே அவளை உள்ளே விட்டார் என்பதிலிருந்து, நிலைமை எங்களுக்குப் புரிந்தது.

இத்தோவின் அடக்கத்தன்று பாஸ்ஸூ ஆட்டோடு வந்து வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். இப்போதாவது அறுக்கலாமா என்று ஹம்மூவைக் கேட்டார். ஆட்டைக் கேட்கவேண்டியவள் கேட்கவில்லை, நான் என்ன சொல்ல முடியும் என்றார் ஹம்மூ. பாஸ்ஸூ மாமாஸைப் பார்த்தார்.

"அம்மா கேக்கலையே சித்தப்பா," என்றாள் அவள். "நான் எப்படிக் கேப்பேன்?"

அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனார். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி அகாதிரில். பாஸ்ஸூ இன்றும் பள்ளிவாசலுக்குப் போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்து, சாய்ந்த இடுப்போடு, கீழே வாய்க்கால் ஓரமாகச் சுற்றித்தான் போகிறார்.